கப்பலில் வந்த வட்டும் கடலடியில் வந்த கம்பியும்

போர்ட் பிளேயர் நகரிலே, கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்து நிற்கும் விரிகுடா ஒன்றின் ஓரத்தில் ஜங்லிகாட் என்னும் பேட்டை இருக்கிறது. ‘ஜங்லி’ என்பது காட்டைச் சேர்ந்ததைக் குறிக்கும். ‘காட்’ என்பது படித்துறை. காட்டுத்துறை என்று நாம் பெயர்த்துக் கொள்ளலாம். இன்று அங்கே மீன்பிடி படகுகள் அணையும் துறையும், கடைத்தெருவும், நெருங்கி நிற்கும் வீடுகளுமே உண்டு. தமிழும் தெலுங்கும் வங்கமும் இந்தியும் அத்தெருவில் ஒருங்கே ஒலிக்கும். நகரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்படுவதாக 2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பேட்டையின் பெயர் பழையபடியே வழங்கி வருகின்றது.

சென்னைக்கும் இத்துறைக்கும் இடையே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல் கிடக்கின்றது. கப்பல் ஏறினால் மூன்று நாட் பயணம். அரிசியும் பருப்பும், சிமெண்டும் இரும்பும் பெரும்பாலும் இக்கடலைக் கடந்தே வந்தாக வேண்டும். நேயர்களே, இன்று யான் சொல்லப் புகுவதும் அவ்வாறு கடல் கடந்து வந்த ஒரு பண்டத்தின் வரலாறுதான். ஆனால் அதற்கு எடையில்லை. மேசைக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளமே அது.

அரிசி மூட்டையை அவிழ்த்துப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம். இயங்குதளத்தை அவ்வாறு பார்க்க இயலாது. நம் கடிதங்களையும் கணக்குகளையும், வங்கிக்குரிய கடவுச்சொல்லையும், வீட்டாரின் படங்களையும் அதனிடம் ஒப்படைக்கின்றோம். வந்து சேர்ந்தது அனுப்பியவர் அனுப்பியதுதானா, இடைவழியில் எவரேனும் கை வைத்தனரா? அனுப்பியவரே நம்மை வேவு பார்க்கக் கருதினாரா? தொலைவில் வாழும் தீவினர் இவற்றை எங்ஙனம் அறிவது?

முதலில் அப்பண்டம் எவ்வாறு பிறந்தது என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1983 ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயன்படுத்தவும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பிறர்க்கு அளிக்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயரிட்டார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அத்தகைய தளத்துக்கு உயிர்நாடியாகிய கெர்னல் ஒன்றை எழுதத் தொடங்கியதை வெளியிட்டார். இரண்டும் கூடியபோது லினக்ஸ் என உலகம் வழங்கும் தளம் உருவாயிற்று. ஆயினும், பல்லாயிரம் துண்டுகளாய்ச் சிதறிக் கிடப்பதைச் சாதாரண மனிதர் எங்ஙனம் பொருத்துவர்? அவற்றைத் தொகுத்து, ஒன்றோடொன்று இணங்கச் செய்து, ஒரே கட்டாக வழங்குவோர் தோன்றினர். 1993 இல் டெபியன் தோன்றியது. அதனை அடியாகக் கொண்டு 2004 அக்டோபரில் உபுண்டு வெளிவந்தது.

உபுண்டுவை வெளியிட்ட கனோனிக்கல் நிறுவனம் ஓர் அரிய செயலைச் செய்தது. வேண்டுவோர் உலகின் எம்மூலையில் இருந்தாலும், குறுந்தகட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பி வைத்தது. அஞ்சற் கட்டணமும் இல்லை! இவ்வழக்கம் 2011 ஏப்ரல் வரை நடந்தது. இணையம் நத்தையாய் ஊர்ந்த இடங்களுக்கு இது பேருதவி. ஒரு தகட்டை ஒருவர் பெற்றால் அதனைப் பத்துப் பேர் படியெடுக்கலாம், எடுத்தால் குற்றமுமில்லை. திருட்டுப் படியை வைத்துக்கொண்டு அஞ்சி வாழ்ந்த எத்தனையோ பேருக்கு இது ஒரு மானமான வழியாயிற்று என்பது என் கருத்து.

ஆனால் தகடு என்பது ஒரு நாளின் நிழற்படம் போன்றது. அது அச்சான மறுநாளே குறைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றுக்குத் திருத்தங்களும் வெளியாகும். அத்திருத்தங்கள் இணையத்தின் வழியாகவே வரவேண்டும். அந்தமானிலோ அந்நாளில் இணையம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு நம் கேள்வி ஏறிச்சென்று இறங்க வேண்டும். விடையும் அவ்வாறே ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு அரை நொடி ஆகும். ஒவ்வொரு கேள்விக்கும் அரை நொடி! வேகமும் குறைவு. நொடிக்கு 256 கிலோபிட் என்பதே 2004 ஆம் ஆண்டின் அரசுக் கொள்கைப்படி ‘அகன்ற அலைவரிசை’ எனப்பட்டது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மேம்படுத்த ஒன்றரை கிகாபைட் வேண்டுமாயின், அவ்வேகம் சிறிதும் குன்றாது கிடைத்தாலும் பதின்மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் மின்சாரம் நின்றால் என் செய்வது? மேம்படுத்துதலைத் தள்ளிப் போடுவதே பலர்க்கு வழக்கமாயிற்று எனின் வியப்பில்லை.

தள்ளிப்போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2008 மே மாதம் 13 ஆம் நாள் டெபியன் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மறைமொழிச் சாவிகளை ஆக்கும் ஓப்பன்-எஸ்எஸ்எல் என்னும் நிரலில், 2006 செப்டம்பரில் செய்த ஒரு சிறு மாற்றத்தால் பெரும் பிழை நேர்ந்துவிட்டது. எண்ணற்ற கோடி சாவிகளிலிருந்து ஒன்று தற்செயலாகப் பிறக்க வேண்டியிருக்க, ஒரு வகைக்கு 32,767 சாவிகள் மட்டுமே பிறந்தன. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது கணினிக்கு ஒரு பொழுதுபோக்கு. டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டுவும் இதற்கு ஆளாயிற்று. திருத்தம் உடனே வெளியாயிற்று. திருத்தத்தைப் பெற்று, பழைய சாவிகளையும் எறிந்து புதியன செய்துகொண்டவர் தப்பினர். பெற இயலாதவரின் பூட்டோ, பூட்டியது போலத் தோன்றியும் திறந்தே கிடந்தது. தீவினரின் அந்தரங்கம் அவர்தம் விருப்பத்தைவிடக் கம்பியின் வேகத்தையே சார்ந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இணையம் மெதுவாயின், சென்னையிலிருந்து வரும் நண்பர் ஒருவரிடம் திருத்தங்களைத் தகட்டிலோ பென்டிரைவிலோ கொண்டுவரச் சொல்லலாமே? சொல்லலாம். அது பாதுகாப்பானதா என்பதே வினா. இங்கேதான் இவ்வரலாற்றின் மிக அழகிய பகுதி வருகின்றது.

டெபியனில் 2007 ஏப்ரலில் வெளிவந்த 4.0 பதிப்பு முதல், தொகுப்புகள் யாவும் கையொப்பத்தோடு சரிபார்க்கப்படலாயின. அதன் முறை இது. ஒவ்வொரு தொகுப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எண் கணக்கிடப்படும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். இவ்வெண்கள் அனைத்தையும் ஒரு பட்டியலாக்கி, அப்பட்டியலின்மீது டெபியன் குழு தன் இரகசியச் சாவியால் கையொப்பமிடும். அக்கையொப்பம் உண்மையா என்று சோதிக்கும் வெளிப்படைச் சாவி நம் கணினியில் முன்னரே இருக்கும். தொகுப்பு வந்ததும் கணினி எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலின் கையொப்பத்தையும் சோதிக்கும். ஒன்று பொருந்தாவிடினும் எச்சரித்து நிறுத்தும்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். கொண்டுவருபவர் யார் என்பது முக்கியமன்று என்றாயிற்று! நண்பர் கொண்டுவரலாம்; முன்பின் அறியாதவர் கொண்டுவரலாம்; கப்பலில் மூன்று நாள் கேட்பாரற்றுக் கிடந்த பையிலிருந்தும் வரலாம். அரக்கு முத்திரையிட்ட ஓலையைத் தூதன் பிரித்தால் தெரிந்துவிடுமன்றோ? அதுபோலவே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கையொப்பம் பொய்யைத் தடுக்குமேயன்றி, மறைவைத் தாராது. இணையத்தில் வாங்கும்போது இன்ன தொகுப்பை இவர் வாங்கினார் என்பதை வழியில் நிற்பவர் காணலாம். பென்டிரைவில் வாங்கினால் அதுவும் இல்லை. பழைய வழிக்கும் ஒரு நன்மை உண்டு!

முதற் படியின் செய்தி வேறு. சோதிக்கும் சாவியே அம்முதற் படியோடுதான் வருகின்றது. அது பொய்யாயின் பின்வரும் சோதனை அனைத்தும் பொய். 2016 பிப்ரவரி 20 ஆம் நாள், லினக்ஸ் மின்ட் என்னும் தொகுதியின் இணையதளத்துக்குள் சிலர் புகுந்தனர். அதன் 17.3 சினமன் பதிப்புக்குரிய இணைப்பை மாற்றி, கள்ளக்கதவு வைத்த வேறொரு படியைக் காட்டினர். அன்று அதனை இறக்கிக் கொண்டோர் தம் கையாலேயே கள்வனை வீட்டில் குடிவைத்தவர் ஆயினர். அக்கள்ள நிரலின் பெயர் யாதெனில், சுனாமி. 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட தீவினர்க்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நல்லவேளையாக, அக்குழுவினர் தீங்கை விரைவில் கண்டு மறைக்காமல் உலகுக்கு அறிவித்தனர்.

புறத்தார் செய்யும் தீங்கு இது. அனுப்புகின்றவரே செய்தால் கையொப்பம் என்ன காக்கும்? இதற்கு நான்காண்டு முன்னே செல்ல வேண்டும். 2012 அக்டோபர் 18 இல் உபுண்டு 12.10 பதிப்பு வந்தது. அதில் ஒருவர் தம் கணினியிலுள்ள ஒரு கோப்பைத் தேடச் சொல்லைத் தட்டினால், அச்சொல் கனோனிக்கலின் கணினிக்குச் சென்று, அமேசான் கடையின் பொருள்கள் விடையாக வந்து நின்றன. வீட்டுப் பெட்டியில் மருத்துவச் சீட்டைத் தேடும்போது கடைக்காரர் எட்டிப் பார்த்து மருந்து வேண்டுமா என்று வினவுவதை ஒக்கும்! அதனை நிறுத்த ஒரு வழி அமைப்புகளில் இருந்தது உண்மையே. ஆயின் நிறுத்தாதவரை அது நடந்தது. குனுவைத் தொடங்கிய ஸ்டால்மன் இதனை வேவு நிரல் என்றே சாடினார். 2016 ஏப்ரலில் வந்த 16.04 பதிப்பில்தான் அத்தேடல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. நேர்மையான கையொப்பத்தோடு, மேம்படுத்தல் என்னும் தலைவாயில் வழியாகவே இது பலர் வீட்டுள் நுழைந்தது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்ததனால் சில நாட்களிலேயே உலகம் அறிந்தது. அதுவே இத்தளத்தின் சிறப்பு. மூடிய தளமாயின் அறிந்திருப்போமா என்பது ஐயமே.

2018 ஏப்ரலில் வந்த 18.04 பதிப்பு ஒரு படி முன்னேறியது. கணினியின் உறுப்புகளைப் பற்றிய செய்தியை அனுப்பலாமா என்று முதல் நாளிலேயே கேட்டது. அனுப்புவது இன்னது என்று காட்டவும் செய்தது. எனினும், ‘ஆம்’ என்னும் விடை முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. இத்தகைய கேள்வி அறியாத மொழியில் வந்தால் படிக்காமலே ஒப்புபவரே மிகுதி. ஆதலின் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலே ஊதியமின்றி லினக்ஸின் சொற்களைத் தமிழாக்கிய தொண்டர்களின் பணியைச் சிறிதென எண்ணலாகாது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு 2007 இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்தியத் தொகுதியும், 2011 முதல் தமிழக மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு இடம்பெற்றது. எத்தனை மாணவர் அதனைத் திறந்து பார்த்தனர் என்பது வேறு கதை.

2017 ஆகஸ்ட் 24 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். உரிமை தீவுக்கும் உண்டு. அதனைக் காக்கும் திருத்தங்கள் விரைந்து வருவதற்குரிய கம்பி இன்னும் வரவில்லை. 2018 டிசம்பர் 30 இல் போர்ட் பிளேயரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பி, சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் கடலடியில் கிடத்தப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு வந்து, அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் அது செல்கின்றது. நொடிக்கு நூறு மெகாபிட் வரும் வீட்டில், முன்பு பதின்மூன்று மணி நேரம் கொண்ட அதே ஒன்றரை கிகாபைட் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அரை நொடித் தாமதமும் ஒழிந்தது.

அந்த அரை நொடியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் வெளிவந்தன. ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேலாகத் தொண்டராய்ப் பணியாற்றி, நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையும் பெற்று, அதனுள் ஒரு கள்ளக்கதவை ஒளித்து வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்குரிய வாயிலையே அது குறி வைத்தது. கையொப்பங்கள் யாவும் சரியாக இருந்தன. டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்தும் விட்டது. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளை எட்டவில்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் வேறொரு வேலையாகத் தம் கணினியைச் சோதித்துக் கொண்டிருந்தபோது, உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் ஆவதைக் கண்டார். அற்பத் தாமதம் என்று விடாமல் அதன் வேரைத் தேடிச் சென்றார். மார்ச் 29 இல் உலகுக்கு அறிவித்தார். அவர் கண்ட தாமதம் ஏறத்தாழ அரை நொடி. செயற்கைக்கோள் காலத்தில் ஜங்லிகாட்டில் அமர்ந்து சென்னைக் கணினி ஒன்றுக்குள் நுழைந்த ஒருவருக்கு அவ்வரை நொடி எதிர்ப்பட்டிருந்தால், வானத்தின்மேல் பழி போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் சென்றிருப்பார்.