மோரிஸ் மைனர் காரில் பிரேக் பைண்டிங்

பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் ஷூ டிரம்மை விட்டு முழுமையாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும் கோளாறு பிரேக் பைண்டிங் எனப்படும். பட்டறைகளில் இதைப் பிரேக் ஜாம் என்றும் சொல்வர். டிரம் பிரேக் பொருத்திய பழைய கார்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. நெடுநாள் ஓடாமல் நின்ற கார்கள் இதற்குப் பெரும்பாலும் தப்புவதில்லை. பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதும் ஷூவின் லைனிங் தேய்வதும் இதன் சிறிய விளைவுகள். பெரிய ஆபத்து வேறு. இடைவிடாத உரசலால் டிரம் சூடேறுகிறது. ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கிக்கொடுப்பதால் பெடல் தரைவரை இறங்குகிறது. விடாமல் பிடித்த பிரேக் கடைசியில் பிடிக்காமலே போகிறது.

வரலாறு

தொடக்க காலக் கார்களின் பிரேக்குகள் இரும்புத் தண்டுகளாலும் கேபிள்களாலும் இழுத்து இயக்கப்பட்டன. டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து பிடிக்கும் முறைக்கு பிரான்சின் லூயி ரெனோ 1902-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டு டிரம் பிரேக்கின் காலமாகவே கழிந்தது. தண்டு பிரேக்கில் நான்கு சக்கரங்களையும் ஒரே அளவில் பிடிக்க வைப்பது பெரும்பாடு. இணைப்புகளில் ஒன்று துருப்பிடித்தாலும் அந்தச் சக்கரம் தனியாக இறுகிவிடும். ஆகவே பைண்டிங் என்னும் கோளாறு ஹைட்ராலிக் பிரேக்குக்கும் மூத்தது.

அடைபட்ட திரவத்தின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைக் காரின் பிரேக்குக்குப் பொருத்திக் காட்டியவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். அவருடைய காப்புரிமை 1917-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1921-இல் வெளிவந்த டூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் பெற்ற முதல் பயணிகள் கார். 1924-இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தது. ஃபோர்டு நிறுவனம் 1939 வரை தண்டையும் கேபிளையும் பிடிவாதமாக விடாதிருந்தது.

அக்காலப் பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுத்த கப்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். பிரேக்கில் கனிம எண்ணெய் படக்கூடாது என்ற விதி அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது.

பிரிட்டனில் லாக்ஹீட் பிரேக்குகளை லெமிங்டன் ஸ்பா நகரின் ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1935-இல் வந்த மோரிஸ் எயிட் என்னும் சிறிய காரிலேயே லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. அதற்குப் போட்டியான கிர்லிங் முறை, ஆல்பர்ட் கிர்லிங் 1925-இல் காப்புரிமை பெற்ற ஆப்பு வகைத் தண்டு பிரேக்கிலிருந்து வளர்ந்தது. கிர்லிங்கின் பிற்காலத் தொழில்நுட்பம் லூகாஸ், டி.வி.எஸ். கூட்டு முயற்சியாக 1962-இல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா வழியே தமிழ்நாட்டுக்கு வந்தது.

மோரிஸ் எயிட்டின் வாரிசாக, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1972 வரை 16 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் உருவாயின. இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதன் முதல் வடிவத்தை ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றது. இலங்கைச் சாலைகளில் மைனர்கள் இன்றும் ஓடுகின்றன.

அமைப்பு

மைனரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. டிரம்மின் விட்டம் 7 அங்குலம். 1962-இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிரம் 8 அங்குலமாயிற்று. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள், பின் சக்கரத்தில் ஒன்று. பின் சிலிண்டர், பிரேக்கின் பின்தகடான பேக் பிளேட்டின் நீள்துளையில் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் இரண்டு ஷூக்களும் சமமாகப் பிடித்துச் சமமாக விடும். ஹேண்ட் பிரேக் இரண்டு தனிக் கேபிள்களால் பின் சக்கரங்களை மட்டும் இயக்குகிறது. வண்டியில் மூன்று ரப்பர் ஹோஸ்கள் உண்டு: முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் ஆக்சிலுக்குப் பொதுவாக ஒன்று.

பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சட்டத்தின் நீளவாட்டுப் பகுதிக்குள், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பாரை ஒட்டினாற்போல் பொருந்தியிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடி தரைவிரிப்பின் கீழ் இருப்பதால் திறக்கும்போதெல்லாம் மணலும் தூசும் உள்ளே விழ வாய்ப்புண்டு. சிலிண்டருக்கும் ஆயில் தேக்கத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு சிறு துளை உண்டு. பெடல் முழுமையாகத் திரும்பும்போது பிஸ்டனின் கப் இத்துளையைத் தாண்டிப் பின்வாங்க, குழாய்களில் எஞ்சிய அழுத்தம் அதன் வழியே தேக்கத்துக்குள் இறங்கும். மைனரின் பிரேக் விடுவதும் விடாததும் பெரும்பாலும் இத்துளையைப் பொறுத்தது.

வகைப்பாடு

காரணத்தை வைத்துப் பார்த்தால் பைண்டிங் இரு வகை. அழுத்தம் குழாய்க்குள் சிறைப்படுவது ஹைட்ராலிக் வகை. அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகும் ஷூ திரும்பாதது மெக்கானிக்கல் வகை.

பாதிக்கப்படும் சக்கரங்களை வைத்தும் பிரிக்கலாம். நான்கு சக்கரங்களும் இறுகினால் குறை மாஸ்டர் சிலிண்டரிலோ பெடலிலோ இருக்கும். சிறு துளை அழுக்கால் அடைபடுவது, தவறான ஆயிலால் கப் ஊதி அதை மூடுவது, பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடுக்கு வெற்றிடம் விடாமல் பெடலை நெருக்கிப் பொருத்துவது, பெடலின் அச்சு கிரீஸின்றி இறுகுவது ஆகியவை இவ்வகை. பின் சக்கரங்கள் இரண்டு மட்டும் இறுகினால் பின் ஹோஸையோ ஹேண்ட் பிரேக்கையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு சக்கரம் இறுகினால் அச்சக்கரத்தின் வீல் சிலிண்டர், ஷூ, ஸ்பிரிங், ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர், பின் சக்கரமானால் அதன் ஹேண்ட் பிரேக் கேபிள், முன் சக்கரமானால் அதன் ஹோஸ் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும். சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் உரசி மற்ற இடங்களில் விட்டால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது.

ஹோஸின் கோளாறு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வெளியே நன்றாகத் தோன்றும் ஹோஸின் உட்சுவர் உரிந்து நாக்குப்போல் தொங்கும். கால் கொடுக்கும் வலுவான அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். ஷூவைத் திருப்பும் ஸ்பிரிங்கின் மெல்லிய இழுப்பால் ஆயில் அதைத் தாண்டித் திரும்ப முடியாது.

கண்டறிதல்

அறிகுறிகள் தெளிவானவை. சமதரையில் நியூட்ரலில் விட்ட வண்டி உருளாமல் நிற்கும்; ஒரு பக்கமாக இழுக்கும்; கருகிய வாடை வரும்; ஓட ஓடப் பெடலின் வெற்று ஆட்டம் குறைந்து பெடல் கல்லாகும். சில கிலோமீட்டர் ஓடிய பிறகு புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே, தொடாமல், கொண்டுசென்றால் எது சூடாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை ஒருமுறை அழுத்தி விட்டு, இறுகிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அச்சக்கரத்தில் காற்று எடுக்கப் பயன்படும் பிளீடிங் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விட்டால் குறை ஹைட்ராலிக் வகை. ஆயில் கசிந்தும் சக்கரம் விடாவிட்டால் மெக்கானிக்கல் வகை. எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை இதுவே.

ஹைட்ராலிக் வகை எனத் தெரிந்தால் நிப்பிளை மூடி, பெடலை அழுத்திச் சக்கரத்தை மறுபடி இறுக வைத்து, இம்முறை ஹோஸுக்கு மேலுள்ள உலோகக் குழாயின் இணைப்பைத் தளர்த்த வேண்டும். சக்கரம் விட்டால் அடைப்பு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் ஹோஸ் அடைத்திருக்கிறது.

சரிசெய்தல்

அட்ஜஸ்டரைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்ற விட்டு வண்டியை அனுப்பிவிடும் வழக்கம் தவறானது. அதனால் பெடலின் ஆட்டம் மட்டும் கூடும். காரணம் அப்படியே இருக்கும்.

டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நின்றுபோன வண்டியின் வீல் சிலிண்டரைப் பிரித்தால், உட்சுவரின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் பழுப்பு நிறத்தில் துரு குழித்திருக்கும். பிஸ்டன் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றிப் புதிய கப் போடுவதைவிடச் சிலிண்டரையே மாற்றுவது சரியான முறை. பின் சிலிண்டரின் நீள்துளையைத் துரு நீக்கி, சிலிண்டர் விரலால் தள்ளினாலே நகரும்படி செய்ய வேண்டும். ஷூக்கள் உரசும் பேக் பிளேட்டின் மேடுகளில் பள்ளம் விழுந்திருந்தால் சமப்படுத்தி, பிரேக்குக்கு உரிய கிரீஸை மெல்லப் பூச வேண்டும். ஸ்பிரிங்குகளை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹோஸ்களில் ஒன்று கெட்டால் மூன்றையும் மாற்றுவது நல்லது.

மாஸ்டர் சிலிண்டரை வெளியே எடுக்க மைனரில் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். வேலை கடினம் என்பதற்காக அதைத் தவிர்க்கலாகாது. எஞ்சின் ஆயில் கலந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றின் ரப்பரும் மாற்றப்பட வேண்டும். உலோகக் குழாய்களைக் கழுவ வேண்டும்.

புதிய பிரேக் ஆயில் டாட் 4 தரமாக இருப்பது ஏற்றது. அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும். குழாய்களில் புகுந்த காற்றை எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பின் சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள முன் சக்கரத்தில் முடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் சக்கரம் பூட்டும்வரை திருகி, உரசல் விடும் அளவுக்கு மட்டும் பின்னால் திருப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள்களைச் சரிசெய்வது இறுதி வேலை. கேபிளை முதலில் இறுக்கினால் ஷூ ஒருபோதும் தன் இடத்துக்குத் திரும்பாது.

இன்றைய நிலை

மைனருக்கான பிரேக் பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றுவோரும் உண்டு. அவ்வாறு மாற்றும்போது, டிரம் பிரேக்குக்காக மாஸ்டர் சிலிண்டரில் வைக்கப்பட்ட எஞ்சு அழுத்த வால்வை நீக்காவிட்டால் புதிய டிஸ்க்கும் பைண்ட் ஆகும். எந்த வேலை செய்திருந்தாலும் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வண்டியைப் பயன்பாட்டுக்கு எடுக்க வேண்டும்.