நெகட்டிவ் யார் கையில்?

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் நம்மட பொடியன் ஒருத்தன் எடுத்த படம், மறுநாளே வேறொரு பக்கத்தின் முத்திரையோட சுத்துது. கேட்டால், "நெட்டில கிடந்ததுதானே" என்கிறார்கள்.

இலங்கையில் முன்பு பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருந்தது. நெகட்டிவ் எவருக்குச் சொந்தமோ அவரே படத்தின் ஆசிரியர். உரிமை 50 ஆண்டு. 1979இல் நமக்கென்று சட்டம் வந்தது. இப்போதிருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு தேவையில்லை, படம் எடுத்தவுடன் உரிமை பிறக்கும், எடுத்தவர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் அதில் உண்டு.

நெகட்டிவ் காலம் போயிட்டு. அந்த இடத்தில் இப்ப இருப்பது கமராவில் பதிவான மூலக் கோப்பு. சண்டைக்குப் போக முதல், அதை அழிக்காம வைங்க.