பிரித்தானியாவில் கலப்பினச் செம்மறிக்குட்டி வளர்ப்பு

கலப்பினச் செம்மறிக்குட்டி வளர்ப்பு என்பது வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த செம்மறியாடுகளை இணைசேர்த்துப் பெறும் குட்டிகளை இறைச்சிக்காக வளர்ப்பதாகும். ஐக்கிய இராச்சியத்தில் இது மலை, மேட்டுநிலம், தாழ்நிலம் என மூன்று படிகளாக அமைந்துள்ளது. இதனை அடுக்குமுறை வளர்ப்பு என்பர். ஒரு படியில் பயன் குறைந்த ஆடு, அடுத்த படியில் மீண்டும் பயன் தருவதே இம்முறையின் அடிப்படையாகும்.

மூன்று படிகள்

மலைப்பகுதிகளில் ஸ்வேல்டேல், ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ், செவியட் போன்ற குளிர்தாங்கும் இனங்கள் தூய இனமாகவே வளர்க்கப்படுகின்றன. ஏறத்தாழ நான்கு முறை குட்டி ஈன்ற தாய் ஆடுகள், தட்பவெப்பம் மிதமான மேட்டுநிலப் பண்ணைகளுக்கு விற்கப்படுகின்றன.

மேட்டுநிலத்தில் இவை புளூஃபேஸ்டு லெஸ்டர் இனக் கிடாவுடன் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு பிறக்கும் பெட்டை ஆடு மியூல் எனப்படும். தாயிடமிருந்து உடல் உறுதியையும், தந்தை வழியில் இரட்டைக்குட்டி ஈனும் இயல்பையும் பால்வளத்தையும் இது பெறுகின்றது. கிடாக்குட்டிகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன.

தாழ்நிலத்தில் மியூல் ஆடுகள் டெக்சல், சஃபோக், சாரொலே போன்ற தசைப்பற்று மிகுந்த இனக் கிடாக்களுடன் சேர்க்கப்படுகின்றன. இக்குட்டிகள், ஆணும் பெண்ணும், பெரும்பாலும் இறைச்சிக்கே செல்வதால் இக்கிடாக்கள் இறுதிக் கிடாக்கள் எனப்படுகின்றன.

கலப்பின வீரியம்

கலப்பினக் குட்டிகள் பெற்றோர் இனங்களின் சராசரியை விட மேம்பட்டிருப்பது கலப்பின வீரியம் எனப்படும். குட்டிகள் பிழைத்தல், இனப்பெருக்கத் திறன் ஆகியவற்றில் இது மிகுதியாகக் காணப்படும். எனினும் மியூல் பெட்டையை மியூல் கிடாவுடன் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் இவ்வீரியம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். எனவே தாழ்நில விவசாயி மாற்றுப் பெட்டைகளைத் தொடர்ந்து வெளியிலிருந்து வாங்க வேண்டியுள்ளது.

பராமரிப்பு

செம்மறியாட்டின் சினைக்காலம் சுமார் 147 நாட்களாகும். பிறந்த முதல் 6 மணி நேரத்துக்குள் குட்டி போதிய சீம்பால் குடித்தல் இன்றியமையாதது. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 50 மி.லி. தேவைப்படும். தாய் ஆடு நுழைய இயலாத தடுப்பினுள் குட்டிகளுக்கு மட்டும் அடர்தீவனம் வைக்கப்படுவதுண்டு. தானியத்தின் அளவைத் திடீரெனக் கூட்டினால் இரைப்பையில் அமிலம் மிகுந்து குட்டி இறக்கவும் கூடும். துள்ளுமாரி போன்ற நோய்களுக்குத் தடுப்பூசியும், குடற்புழுக் கட்டுப்பாடும் அவசியமாகும்.

விற்பனையும் இலாபமும்

பொதுவாகக் குட்டிகள் 40 கிலோ உயிர் எடையை ஒட்டி விற்கப்படுகின்றன. இதில் 18 முதல் 20 கிலோ வரை எலும்புடன் கூடிய இறைச்சி கிடைக்கும். தசை அமைப்பு ஈ, யூ, ஆர், ஓ, பி என்ற தரங்களாலும், கொழுப்பு 1 முதல் 5 வரையிலான எண்களாலும் மதிப்பிடப்படுகின்றன. கொழுப்பு மிகுந்தால் விலை குறையும். ஆகையால் முதுகையும் வாலடியையும் கையால் தடவிப் பார்த்து, ஏற்ற நிலையை அடைந்த குட்டிகளை உடனே விற்பது வழக்கம். ஒரு தாய்க்கு எத்தனை குட்டிகள் பிழைத்து விற்பனைக்கு வருகின்றன என்பதும் தீவனச் செலவும் இலாபத்தைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளாகும்.

இடர்கள்

ஆடுகள் படிக்குப்படி கைமாறுவதால் சொறி, குளம்பு அழுகல் முதலிய நோய்களும் உடன் பரவக்கூடும். 2001 பெப்ரவரி 20 அன்று உறுதிசெய்யப்பட்ட கோமாரி நோய், அதற்கு முன்னரே ஹெக்சம், லாங்டவுன் சந்தைகள் வழியாகச் சென்ற ஆடுகளால் பல பகுதிகளுக்குப் பரவியிருந்தது. செம்மறியாடுகளில் இந்நோயின் அறிகுறிகள் தெளிவாகத் தோன்றாமையும் இதற்கு ஒரு காரணமாகும். 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை செம்மறியாடுகளே.

கம்பிரியாவின் ஹெர்ட்விக் இனமும் அப்போது அச்சுறுத்தலுக்கு உள்ளானது. வேலியற்ற மலையில் தன் மேய்ச்சல் எல்லையைக் குட்டி தாயிடமிருந்தே கற்கின்றது. மந்தை முழுதும் அழிந்தால் அவ்வறிவும் அழியும். புதிதாக வாங்கும் ஆடுகளால் அதனை உடனே ஈடுசெய்ய இயலாது. மலை இனங்கள் தூய இனமாக நிலைத்திருந்தால் மட்டுமே தாழ்நிலத்தின் கலப்பினக் குட்டிகளும் தொடர்ந்து கிடைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

செம்மறியாடு
கலப்பின வீரியம்
கோமாரி நோய்