வரிசையில் அடங்காத ஊர்

1979-இல் பொருளியல் அறிஞர் மாரிஸ் டேவிட் மாரிஸ், நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுள் ஆகிய மூன்றால் அளந்தார். சிசு மரணம் குறைந்த நாடு சிறந்ததே, மறுப்பாரில்லை. பின்னர் நம் மாநிலங்களையும் வரிசைப்படுத்தும் வழக்கம் வந்தது. நிதி ஆயோக்கின் 2020-21 நிலையான வளர்ச்சிக் குறியீட்டில் கேரளம் 75, தமிழ்நாடு 74, தெலங்கானா 69 புள்ளிகள் பெற்றன. அதன்படி நாம் மேட்டை விட்டுப் பள்ளத்திற்கு வந்தவர்களாகிறோம்! முதலிடத்துக் கேரளத்தாரோ வளைகுடா நாடுகளுக்குச் செல்வதை நிறுத்தினாரில்லை.

மெட்டுகுடாவையே பார்ப்போம். 1966-இல் சிக்கந்தராபாத்தில் தென்மத்திய ரயில்வேயின் தலைமையகம் அமைந்தது. உத்தியோகத்தின் பொருட்டு வந்து இங்குள்ள ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவருள் பலர், ஓய்வு பெற்ற பின்னரும் ஊர் திரும்பவில்லை. வீட்டில் தமிழும் வாசலில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகள், கோடை விடுமுறையில் தமிழ்நாடு சென்றால், பத்தாம் நாளே "வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கின்றனர்.