ஓஃபிர் சாலையும் ஓப்பீர் பொன்னும்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் கிழக்கு நோக்கி ரயிலேறினால் ஏழாவது நிறுத்தம் பூகிஸ். அங்கிருந்து சில நிமிட நடையில் ஓஃபிர் சாலை. தமிழ் வேதாகமத்தில் ‘ஓப்பீர்’ என்று வரும் எபிரேய இடப்பெயர்தான் இது. எசியோன்கேபேர் துறையில் சாலொமோன் கட்டிய கப்பல்கள் தீரு அரசன் ஈராமின் மாலுமிகளோடு அங்கே போய் 420 தாலந்து பொன் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே செய்தியைச் சொல்லும் 2 நாளாகமத்தில் கணக்கு 450. பொன்னின் எடையில் முரண்படும் இரண்டு நூல்களும் ஊர் எந்தத் திசையில் என்பதைச் சொல்லாமல் விடுவதில் ஒத்துப்போகின்றன.

அப்படிப்பட்ட பெயர் இந்தப் பக்கம் வந்தது எப்படி? முதல் தடயம் ஜொகூரில், 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங். ஆங்கிலேயர் வரைபடங்களில் அது ‘மவுண்ட் ஓஃபிர்’. மேற்குச் சுமத்ராவிலும் ஒரு மலைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரே பெயர் இரண்டு மலைகளில் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. மலாய் மரபில் அந்த மலையின் இளவரசிகூட புத்ரி குனோங் லேடாங்தான். ஆகவே, பெயர் வெளியார் சூட்டியது. இதில் வியப்பில்லை, 1953இல் லண்டனில் நடந்த முடிசூட்டு விழாவை ஒட்டித்தான் எங்கள் குவீன்ஸ்டவுனுக்கும் பெயர் வந்தது.

ஆனால் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் வேறு கதை சொல்கிறார். ஓப்பீர் என்பது மலாக்கா. மலாய் மொழியில் ‘ஓஃபிர்’ என்றாலே பொற்சுரங்கம். படிக்கும்போது வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் மலாயில் பொன் ‘எமாஸ்’, சுரங்கம் ‘லொம்போங்’. ஓஃபிருக்கு அங்கே இடமே இல்லை.

டென்னன்டுக்குப் பின்னால் ஒரு பழைய சாட்சி நிற்கிறார்: கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ். 1737இல் வெளிவந்த விஸ்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஓப்பீர் இப்போது ‘பொன் தீபகற்பம்’ எனப்படுவதாக ஜொசீபஸ் எழுதுகிறார். தாலமி மலாய்த் தீபகற்பத்துக்கு வழங்கிய பெயர் அது. கிரேக்க மூலத்திலோ தீபகற்பம் இல்லை. ‘பொன் நாடு’ என்றும், அது இந்தியாவைச் சேர்ந்தது என்றும் மட்டுமே உள்ளது. இந்த ஒரு சொல்தான் மலாக்காவை ஓப்பீர் ஆக்கியது என்று சொல்லிவிட முடியாது. விஸ்டனுக்கு வெகுமுன்பே ஐரோப்பியர் சாலொமோனின் பொன்னைத் தேடி அலைந்தார்கள். 1568இல் மென்டான்யாவின் ஸ்பானியக் கப்பல்கள் கண்ட பசிபிக் தீவுகளுக்கு அந்த அரசன் பெயரே ஒட்டிக்கொண்டது.

நம்மவர்களுக்குப் பிடித்த தடயம் இனிமேல்தான். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கான எபிரேயச் சொல் ‘துக்கி’ நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் 1856இல் வாதிட்டார். நெல்லைக் கடற்கரையின் உவரிதான் ஓப்பீர் என்பாரும் உண்டு. ஆனால் மயில் வரும் 1 இராஜாக்கள் 10:22ஐ நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த வசனத்தில் ஓப்பீர் என்ற பெயரே இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்த தர்ஷீஸ் கப்பல்களைப் பற்றியது அது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் மயிலுக்குப் பதில் செதுக்கிய கற்கள். ஆல்பிரைட் என்ற அறிஞரோ துக்கியை எகிப்தியச் சொல்லாகக் கண்டு, குரங்கு என்றார். தோகை வாதம் இன்னும் வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது சரக்கின் பயணத்துக்குத்தான் சான்று. கப்பல் எங்கே நங்கூரமிட்டது என்பதற்கு அல்ல. சாலொமோனுக்கு இரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் மம்மி மூக்கில் மிளகு இருந்தது. அதற்காக எகிப்தியர் மலபாருக்குக் கப்பல் விட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கைமாறிக் கைமாறியும் சரக்கு போய்ச் சேரும்.

வேதத்துக்கு வெளியே கிடைத்த சான்று ஒரு பானை ஓடு. 1946இல் டெல் அவீவின் டெல் கசீலே மேட்டில் அகப்பட்டது, கி.மு. 8ஆம் நூற்றாண்டினது. ‘ஓப்பீர் பொன், பெத்தொரோனுக்கு, 30 ஷெக்கல்’ என்பது வாசகம். ஷெக்கலுக்கு ஒரே எழுத்து, முப்பதுக்கு மூன்று கிடைக்கோடுகள்: அவசரமாகக் குறித்த கணக்குப்பிள்ளையின் கை. ஏறத்தாழ 340 கிராம். சிராங்கூன் சாலை நகைக்கடைக் கணக்கில் நாற்பத்திரண்டு பவுன். ஆக, ஓப்பீர் வெறும் கட்டுக்கதைப் பெயர் அல்ல, வணிகர் புழங்கிய பெயர். அதேசமயம், அது தரத்தின் பெயராகவும் இருக்கலாம். அதே சிராங்கூன் சாலையில் வாங்கும் மைசூர்பாகு மைசூரிலிருந்து வருவதில்லை.

எஞ்சுவது ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தின் வம்சப் பட்டியல். அதில் ஓப்பீர் யொக்தானின் மகன்களில் ஒருவன். முன்னால் சேபா, பின்னால் ஆவிலா. சேபா ஏமன் பகுதி. பட்டியலை எழுதியவருக்கு ஓப்பீர் தென் அரேபியாவின் அக்கம்பக்கத்துப் பெயராகவே தெரிந்திருக்கிறது. தொலைதூரக் கடற்பயணத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் மூன்று ஆண்டுக் கணக்கும் தர்ஷீஸ் கப்பல்களுடையது என்பதால், மலாக்காவுக்கோ உவரிக்கோ ஓப்பீரை இழுத்துவர என் கையில் இப்போது ஆவணம் இல்லை.