வன்னி வழித்தடங்கள் – 14: நாரைத் தலைச் சைக்கிள்

1885இல் மிலான் நகரில் எதுவார்தோ பியாங்கி சைக்கிள் பட்டறை தொடங்கினார். அவர் காலம் முதல் இத்தாலியப் பந்தயச் சைக்கிள் செய்தவர்கள் பாரத்தைக் குறைக்கவே பாடுபட்டார்கள். ஓடுதளச் சைக்கிளில் பிரேக்கே இல்லை. பின்சில்லோடு பெடலும் சேர்ந்தே சுற்றும். வன்னிக்கு வந்து சேர்ந்த சைக்கிள் வேறு சாதி. அது மூட்டை சுமக்கப் பிறந்தது.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் றலி வீதியில் ஒரு சிறு பட்டறை இருந்தது. 1887இல் அது பிராங் போடனின் கண்ணில் பட்டது. மறு ஆண்டே அதைக் கம்பனியாக்கினார். வீதியின் பெயர் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் 1932இல் ஹம்பரையும் 1943இல் றட்ஜையும் றலியே வாங்கிவிட்டது. ஆனாலும் அடையாளங்கள் அழியவில்லை. பெடலோடு சுற்றும் பற்சில்லில் நாரைத் தலை வெட்டியிருந்தால் றலி, விரித்த கை இருந்தால் றட்ஜ். முன் கவர் இரட்டைக் குழாயாக இறங்கினால் ஹம்பர்.

இருபத்தெட்டு அங்குலச் சில்லு, தடித்த இரும்புக் குழாய். பிரேக்குக்கு வயர் கிடையாது. பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுபட்டு, றிம்மின் உட்புறத்தில் கட்டை போய் அழுத்தும். கம்பி வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். இந்த எளிமையின் அருமை 1990க்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டது. எரிபொருளுக்குத் தடை, பற்றரிக்கும் தடை. நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோதும், அடுத்த ஆண்டு கிளிநொச்சி வெறிச்சோடியபோதும், பானை சட்டியும் பிள்ளைகளும் ஏறியது கரியரிலும் பாரிலும்தான்.

இரவில் அதே சைக்கிள் வானொலிக்கு மின்சாரமும் தந்தது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டயரில் உரசும் டைனமோவிலிருந்து ஆறு வோல்ட் வரும். அது திசை மாறி மாறி வரும் மின்சாரம் என்பதால் டயோட் வழியாகச் செலுத்தித்தான் வானொலிக்குக் கொடுக்க வேண்டும். சுற்றுபவர் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். உடனே அடுத்தவர் கை மாற்றுவார். தமிழோசையை வன்னி இப்படித்தான் கேட்டது. நொட்டிங்ஹாம் பொறியியலாளர் எவரும் இந்த வேலைக்காக டைனமோவைப் பூட்டவில்லை. அதைச் சாத்தியமாக்கியவர்கள் எங்கள் சைக்கிள் கடைக்காரர்கள். தேய்ந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டியவர்களும் அவர்களே. றலியின் வரலாற்றை எழுதுவோர் அவர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

2002இல் ஏ9 வீதி திறந்தது. அதே ஆண்டில் நொட்டிங்ஹாமில் றலி தன் உற்பத்தியை நிறுத்தியது. 2009இல் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட சைக்கிள்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. பழைய இரும்பாக விலைபோனவை எத்தனையோ.

மிஞ்சியவை இன்னும் கோடிப்புறங்களில் சாத்திக் கிடக்கின்றன. பழைய றலிகளில் சீற் கம்பி இறங்கும் மூட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக்கொண்டு வண்டி பிறந்த காலத்தை ஏறக்குறையக் கணிக்கலாம். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் துருவைத் துடைத்து அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அதை உழக்கியவர் யார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

(தொடரும்)