பருப்பு வேகாத தண்ணீர்

காவிரிக் கடைமடை: தொடர் 27

சென்ற வாரம் காந்தியத் தம்பதியரான ஜெகந்நாதனையும் கிருஷ்ணம்மாளையும் கீழ்வேளூர் பக்கம் கூத்தூரில் விட்டுவிட்டு வந்தோம். வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு இருவரும் கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்டதையும், 1981-இல் உழுபவருக்கு நிலம் தேடும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கியதையும், பெண்கள் பெயரில் ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று நிலம் வாங்கிக் கொடுத்ததையும் பார்த்தோம். இந்த வாரம் இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்வதாக எழுதியிருந்தேன். டெல்லிக்குப் போவதற்கு முன்னால் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சீர்காழிக்குக் கிழக்கே, கடலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது அந்தக் கிணறு. கைப்பிடிச் சுவர் நல்ல கனம். கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் விரல் ஆழத்துக்கு இருக்கின்றன. ராட்டினம் மட்டும் இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் விசாரித்தேன்.

“எங்க மாமியா காலத்துலேருந்து இதத்தான் குடிச்சோம் தம்பி. எறா குட்ட வந்துச்சு. அப்பறம் ஒரு வருசம் பருப்பு வேகவே இல்ல. புதுப் பருப்பு மாத்திப் பாத்தேன், அதுவும் வேகல. அப்பறந்தான் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தா, கரிக்குது.”

நிலத்தடி நீருக்குள் கடல் நுழைவதை விஞ்ஞானிகள் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அது பருப்புச் சட்டியில்தான் தெரிந்தது. இந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு வழக்குக் கட்டை நேராகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இறால் குளத்துக்குள் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எண்பது வயதுக் கிழவர் ஒருவர் ஏன் நீதிமன்றப் படியேறினார் என்பது புரியும்.

எண்பதுகளில் டைகர் இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை கிடைத்தது. தைவானிலும் தாய்லாந்திலும் பண்ணைகள் பெருகின. 1991-க்குப் பிறகு அந்த அலை நம் கரைக்கும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தஞ்சையிலிருந்து பிரிந்த புது மாவட்டத்துக்கு அன்று நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர். நீண்ட கடற்கரை, சமமான நிலம், கால்வாய்கள், கடன்பட்ட விவசாயிகள் என்று பண்ணைக்காரர்கள் தேடியது அத்தனையும் இங்கே இருந்தது. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வரும், வருமா என்பதே நிச்சயமில்லாத காலம் அது. வயலை விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடனில் நான் இருந்திருந்தால் நானும் விற்றிருப்பேன்.

வயலைச் சுற்றிக் கரையை உயர்த்திவிட்டு எஞ்சின் வைத்துக் கடல்நீரை இறைத்து நிரப்பினார்கள். கடலின் உப்பு அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. டைகர் இறால் வேகமாக வளர்வதற்கு அதில் பாதி போதும். மீதியை நல்ல தண்ணீர் கலந்து குறைக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் எடுத்தார்கள். கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடுபோல மிதந்துகொண்டிருக்கும். ஏட்டை உறிஞ்சி எடுத்தால் கீழே இருப்பது மேலே வரும். அந்த அம்மாவின் கிணற்றுக்கு வந்ததும் அதுதான்.

கேடு மேலேயிருந்தும் வந்தது. குளத்தில் தேங்கிய உப்பு கரையைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குக் கசிந்தது. நெற்பயிர் உப்பைத் தாங்காது. முதலில் நாற்றின் நுனி கருகும், பிறகு தூர் கட்டாது, கடைசியில் கதிர் பதராகிவிடும். கோடையில் வயல் வெடிப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கழிவுநீர் வேறு இருக்கிறது. நான்கு மாத வளர்ப்பு முடிந்ததும் தின்னாமல் மிஞ்சிய தீவனம், இறால் கழிவு, போட்ட மருந்து எல்லாம் கலந்த தண்ணீரை வடிகால் வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். அதுவே கீழே இருக்கிற ஊருக்குப் பாசன வாய்க்கால். மீனவர் வலை போடுகிற கழிமுகமும் அதுதான்.

ஆனால் ஜெகந்நாதன் கண்ணில் முதலில் பட்டது தண்ணீரோ உப்போ அல்ல, கூலி. ஒரு ஏக்கர் சம்பாவுக்கு நாற்றுப் பறிக்க, நட, களையெடுக்க, அறுக்க, அடிக்க என்று எத்தனை கைகள் வேண்டும்! அதே ஏக்கர் குளமானால் தீவனம் போட ஓர் ஆள், ராத்திரிக் காவலுக்கு ஓர் ஆள் போதும். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. தன் வாழ்நாளில் முப்பது நாற்பது வருடங்களைக் கொடுத்து அந்தப் பெண்ணுக்கு ஒரு ஏக்கர் வாங்கித் தந்தவர் அவர். அந்த ஏக்கரின் வரப்புக்கு அடுத்த பக்கம் இப்போது கடல் வந்து நிற்கிறது.

ஜெகந்நாதனைச் சுற்றுச்சூழல்வாதி என்று மட்டும் எழுதுகிறவர்களோடு இந்த இடத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. அவர் முழுக்க முழுக்க அரசியல்வாதி. தேர்தல் அரசியலைச் சொல்லவில்லை. 1930-இல் காந்தி அழைத்ததும் கல்லூரியை விட்டவர், 1942-இல் சிறை போனவர், நெருக்கடி நிலைக் காலத்தில் சுதந்திர இந்தியாவின் சிறையையும் பார்த்தவர். நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஊர் இருக்கும் என்பதைப் பூதான இயக்கத்தில் வினோபாவோடு நடந்து நடந்தே தெரிந்துகொண்டவர். அவருக்கு மண்ணும் நீரும் அதிகாரத்தின் கேள்விகள். காடு, கடல், பறவை என்று தொடங்கியவர்களுக்கு இல்லாத ஒரு கூர்மை அவர் வாதத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1930-இல் இதே கரையில், வேதாரண்யத்தில், ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். ஏழைக்கு உப்பு கிடைக்க வேண்டும் என்பது அன்றைய சத்தியாக்கிரகம். ஏழையின் வயலுக்குள் உப்பு வரக் கூடாது என்பது ஜெகந்நாதனின் சத்தியாக்கிரகம்.

அவர் கிராமம் கிராமமாக நடந்தார், உண்ணாவிரதம் இருந்தார். பண்ணை வாசல்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அடிதடி நடந்தது, கைது நடந்தது. பண்ணைக்காரர்களில் சிலர் வெளியூர்ப் பணக்காரர்கள், சிலர் பெரிய நிறுவனங்கள். ‘அந்நியச் செலாவணி’ என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரிகள் எழுந்து நின்ற காலம் அது. அந்த அதிகாரிகளைத்தான் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துக்கொண்டேதான் குளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் கேட்க ஆளில்லை என்றானதும் அரசியல் சாசனத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ரிட் மனு எண் 561/1994. மனுதாரர் எஸ். ஜெகந்நாதன், கிராம சுயராஜ்ய இயக்கத் தலைவர். வாதாடியவர் எம்.சி. மேத்தா. கங்கை வழக்கு, தாஜ்மகால் வழக்கு என்று வாசகர்களுக்குத் தெரிந்த அதே மேத்தாதான். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் வல்லுநர்களை நீதிமன்றம் கரைக்கு அனுப்பியது. 1995-இல் அவர்கள் வந்து மண்ணையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு, இறால் விற்றுக் கிடைக்கிற பணத்தைவிட அதனால் விளையும் நஷ்டம் அதிகம் என்று கணக்குக் கொடுத்தார்கள். அதே சமயத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறால் மிதந்தது. பல பண்ணைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள். பணம் போட்டவர்கள் போய்விட்டார்கள், உப்பு போகவில்லை.

சொல்லவேண்டிய தீர்ப்புக்கு இப்போதுதான் வருகிறேன், பக்கமோ முடியப்போகிறது. 1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சாகிர் அகமது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குளங்கள் கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். வழிவழியாக நடந்துவருகிற பாரம்பரிய வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் ஊர்ப் பொதுநிலத்தையும் குளமாக மாற்றக் கூடாது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளுக்கு 1,000 மீட்டருக்குள் எதுவும் கூடாது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் மண்ணுக்கு மருத்துவமும். நாகையில் எழுந்த குரல் குஜராத் முதல் வங்காளம் வரை எல்லாக் கரைகளுக்கும் சட்டமாயிற்று.

அந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் வேறு. மூடப்படும் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான ஈட்டுத்தொகையோடு ஆறு வருடச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். தீவனம் போட்டவனையும் ராத்திரிக் காவல் காத்தவனையும் அவர்கள் மறக்கவில்லை. கூலியைப் பார்த்துத் தொடங்கிய ஜெகந்நாதனின் வழக்கு, எதிர்த்தரப்புக் கூலிக்காரனுக்கும் நியாயம் கேட்டு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 82.

மார்ச் 31-க்குப் பண்ணைக்காரர்கள் காத்திருக்கவில்லை. மறுஆய்வு மனுக்கள் போயின, இடிப்புக்குத் தடை வந்தது, நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா தயாரானது. அது 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமாகி, நீதிமன்றம் போட்ட பூட்டை எப்படித் திறந்தது என்பது ஒரு முழு வாரத்துக்கான கதை. அந்தச் சட்டம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், இதே கரைக்குக் கடல் தானாகவே வந்தது. அங்கிருந்து தொடங்குவேன்.

(தொடரும்)